மட்டி திறக்கும் நேரம்

கடலில் நிற்பவளுக்கு
ஈரம் ஒரு நல்ல சாக்கு.
அரோசாக் கழியில் தொடையளவு நீரில்
இரும்பு வாரியால் மணலைக் கீறும்போது
யார் எதில் நனைந்தோம் என்று
யாரும் கேட்பதில்லை.

கரையேறினால்தான் சிக்கல்.
பேருந்தில் கதவோர இருக்கை.
கோவிலுக்குக் கறுப்புப் பாவாடை மட்டும்.
தும்மல் வந்துசேருமுன்
கால்மேல் கால்.
சிரிப்பை நிறுத்தி ஆறு வருடம்.
தன் வேடிக்கைகள் பழசாகிவிட்டன என்று
எவாரிஸ்தோ நினைத்துக்கொண்டான்.
பழசுதான்.
ஆனால் காரணம் அதுவல்ல.

மூன்று பிள்ளை, இருபத்தாறு வருடக் கூடை.
சேறு காலைக் கீழே இழுக்கும்
மட்டி கையைக் கீழே இழுக்கும்
நடுவில் இருப்பதை எது இழுத்தது என்று
எடைக்காரர் ஏட்டில் வரி இல்லை.

பிப்ரவரியில், சங்கக் கட்டடத்தில்,
ஏலவிலைப் பலகைக்குக் கீழே ஒரு தாள்:
இடுப்புத்தளத் தசைப் பயிற்சி.
மட்டி எடுக்கும் பெண்களுக்கு. இலவசம்.
பதினெட்டுப் பேரும் படித்தோம்.
பதினெட்டுப் பேரும்
விலையைப் பார்ப்பதுபோல் நின்றோம்.
ஒத்திலியாதான், பற்றவைக்காத சிகரெட்டைக்
காதில் செருகிக்கொண்டு,
"எனக்கு ஒழுகுது. உங்களுக்கு?" என்றாள்.

இயன்முறை மருத்துவர் இரியா
மேல்மாடியில் மிதவைகளை ஒதுக்கிப் பாய் விரித்தாள்.
பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் இடுப்பெலும்பு.
அதன் அடியில், முன்னெலும்புக்கும் வாலெலும்புக்கும் நடுவே
சிவப்புத் துணித் தூளி.
இதற்குள்தான் எல்லாம் உட்கார்ந்திருக்கிறது என்றாள்.
"மூடுங்கள், மட்டி மூடுவதுபோல."
நாங்கள் முகத்தை மூடினோம்.
புருவம் ஏறியது, தோள் ஏறியது,
தூளி ஏறியதா என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் திரைக்குப் பின்னால் நான் மட்டும்.
தொடலாமா என்று கேட்டாள்.
உள்ளே தொடலாமா என்று மறுபடி கேட்டாள்.
பிள்ளைப்பேற்றில்கூட என்னை யாரும் கேட்டதில்லை.
கையுறை விரல் ஓரிடத்தில் நின்றது.
நான் துள்ளினேன்.
"தோரிந்தா, இது தளர்ந்த தசை இல்லை.
இறுகிப்போனது.
ராத்திரியும் விடுவதில்லை நீங்கள்.
தும்மல் வரும்போது இன்னும் இறுக்க
இதனிடம் மிச்சமில்லை."

கோபம் வந்தது எனக்கு.
ஆறு வருடம் இறுக்கியதுதான்
நான் அறிந்த ஒரே வைத்தியம்.
திரையைப் பார்த்தபடி சொன்னேன்:
தட்டினால் மூடாத மட்டி செத்தது, எறிந்துவிடுவோம்.
கொதியில் திறக்காததையும்
எறிந்துவிடுவோம்.
அவள் எழுதிக்கொண்டாள்.
இப்போது வில்லகார்சியாவில் எல்லோரிடமும் அதைச் சொல்கிறாளாம்.
எனக்குப் பங்கு வரவில்லை.

பயிற்சி என்பது
சமையலறைத் தரையில் மல்லாந்து கிடப்பது.
மூச்சு உள்ளே போகும்போது அடித்தளம் இறங்கட்டும்,
பிடிக்காதே.
அவ்வளவுதான்.
அதற்கு ஐந்து வாரம் ஆனது.
தலைக்குமேல் குளிர்பெட்டியில் கடல்மட்ட அட்டவணை,
இன்று வற்றம் பதினொன்று நாற்பது.
பிறந்ததிலிருந்து அதை மனப்பாடமாய் வைத்திருப்பவள்
என்னுள்ளும் வற்றம் ஒன்று உண்டென்று
ஒரு நாளும் குறித்ததில்லை.
நடுவில் ஒருமுறை அழுகை வந்தது, காரணமின்றி.
எவாரிஸ்தோ என்னைத் தாண்டிப்போய்
பால் எடுத்துக்கொண்டான்.

இறுக்குவது பிறகுதான் வந்தது.
தூக்குமுன் மூச்சை விடு,
தூளியை உயர்த்து,
பிறகு கூடை.

ஏப்ரலில் ஒத்திலியா சேற்றில் வழுக்கி
வாரியோடு மல்லாக்க விழுந்தாள்.
நான் சிரித்தேன்.
கழி முழுக்கக் கேட்கும்படி, நிறுத்த மறந்து.
ஒரு துளி வந்திருக்கலாம்.
தேடிப் பார்க்கவில்லை.

மே மாதம் பதினெட்டுக் கையெழுத்தோடு மனு:
கூடை இனி பாதி அளவு, நடை இரண்டு.
எடைக்காரர் கண்ணாடியைத் துடைத்து
எதற்கு என்றார்.
ஒத்திலியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
"சொல்றேன்," என்றாள்,
"அந்தக் கதவைத் திறந்தே வை."